இருதயத்தின் மின்சாரத்தை ஒலி காட்டுமா?

இருதயம் ஒவ்வொரு முறை துடிப்பதற்கு முன்பும் அதில் ஒரு சிறு மின்சார அலை ஓடுகிறது. அதை நுட்பமாக அளக்கும் கருவியைச் செய்த ஹாலந்து தேசத்து ஐந்தோவன், 1924-ல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் ஒரு குறை நீடிக்கிறது. கைகால்களிலும் மார்பிலும் வைக்கும் தகடுகள், இருதயம் முழுவதன் மின்சாரத்தையும் ஒரே கூச்சலாகவே கேட்கின்றன. எந்த மூலையில் கோளாறு என்று காண்பது கஷ்டம்.

என் தமக்கையார் விஷயத்தில் இது வெறும் பாடப் புத்தகச் சங்கதியாக இருக்கவில்லை. திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும். காகிதத்தில் கோணல் கோடுகள் விழுந்தன, இடம் தெரியவில்லை. கடைசியில் தொடையின் இரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தித் தொட்டுத் தொட்டுத் தேடினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தான், "பௌதிகம் படித்தவனாயிற்றே, இதை வெளியிலிருந்தே பார்க்க வழியில்லையா?" என்று கேட்டார். தமக்கையார் இப்போது சௌக்கியமே. கேள்விதான் என்னை விடவில்லை.

வழி உண்டென்று சிலர் நம்புகிறார்கள். உப்பு ஜலத்தை அமுக்கினால், மின்சாரத்தைக் கடத்தும் அதன் தன்மை சற்றே மாறும். ஒலியும் ஓர் அமுக்கந்தானே? ஒலியினால் உண்டாகும் இம்மாறுதலை 1946-ல் அமெரிக்காவில் பாக்ஸ், ஹெர்ஸ்பெல்ட், ராக் என்ற மூவர் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் சரீரமும் பெரும்பாலும் உப்பு ஜலமே.

வகுப்புக்கு வெளியே நிற்கும் உபாத்தியாயரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பையன்களில் கத்துகிறவன் எவன் என்று தெரியவில்லை. உள்ளே ஒருவர் ஒவ்வொரு பையனையும் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு வருகிறார். கத்துகிறவனை உலுக்கும்போது கூச்சலில் ஒரு நடுக்கம் கேட்கும்; வாய் மூடியிருப்பவனை உலுக்கினால் ஒன்றும் கேளாது. காதுக்கு எட்டாத ஒலியைச் சரீரத்துக்குள் ஒரு புள்ளியில் குவிப்பது இத்தகைய உலுக்கலே. அங்கே மின்சாரம் ஓடினால், தகட்டில் அந்த ஒலியின் வேகத்திலேயே நடுக்கம் தோன்றும். புள்ளி புள்ளியாக உலுக்கிப் பார்த்தால் படம் கிடைத்துவிடும். மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2007-ல் சிங்கி இறாலின் நரம்பு வடத்திலும், 2009-ல் முயலின் இருதயத்திலும் இவ்வாறு செய்து காட்டினார்கள்.

ஆனால் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அமுக்கினாலும், பதினாயிரத்தில் மூன்று நான்கு பங்கே மாறுகிறது! விலா எலும்பும் நுரையீரலின் காற்றும் ஒலியை வேறு மறிக்கின்றன. உலுக்கும் வேகம் முன்னமே தெரியுமாதலால், அந்த நடுக்கத்தை மட்டும் வடிகட்டி, பல துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி எடுக்கிறார்கள். சீராகத் துடிக்கும் இருதயத்துக்கு இது சரி. சீர் தவறிய இருதயத்தில் ஒரு துடிப்பைப்போல் மறு துடிப்பு இராது. படம் வேண்டியிருப்பதோ அங்கேதான்.