அம்பு நிற்கும் இடம்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கின்றார். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலிற் சென்று தங்கியதாம். வகுப்பறையில் இப்பாடலைப் பல்லாண்டுகள் நடத்தியிருக்கின்றோம். மாணவர் வியக்கும்போது யாமும் உடன் வியந்ததுண்டு. அந்த அம்பு முதல் இலக்கோடு நிற்கவில்லை என்னும் செய்தி எம்மை அச்சுறுத்தியது 2020ஆம் ஆண்டிலேதான். அதுவும் எம் வீட்டுக் கூடத்திலே.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. எம் மகள் அப்போது கல்லூரி மாணவி. வில்வித்தை பயிலத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. மைதானம் மூடப்பட்டது. சில நாட்கள் வில்லைத் துடைப்பதும் உறையிலிடுவதுமாக இருந்தாள். பின்னர் ஒரு நாள், "வாப்பா, வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் அமைத்துத் தாருங்களேன்" என்று கேட்டாள்.

மறுக்க மனம் வரவில்லை. கூடத்தின் கோடியில் நாற்காலிகளின் துணையோடு பழைய பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்தினோம். அதன் பின்னால் இருந்தது எம் தாயாரின் அறைக் கதவு. மெத்தையோ தடித்தது, வில்லின் இழுவிசையோ 20 பவுண்டுதான், அஞ்ச வேண்டுவதில்லை என எண்ணினோம். இரண்டு நாட்கள் நன்றாகவே கழிந்தன. மூன்றாம் நாள், ஒரே இடத்தில் பலமுறை தைத்ததால் பஞ்சு விலகியிருந்த துளை வழியே ஓர் அம்பு நுழைந்து கதவுப் பலகையில் தைத்தது. "யாரது, கதவைத் தட்டுவது?" என்று கேட்டபடியே உம்மா கதவைத் திறந்தார்கள். தைத்த அம்பு கதவோடு சேர்ந்து உள்ளே சென்றது. மகளின் கையிலிருந்த வில் நடுங்கியது. எமக்கு நா எழவில்லை. கதவு சிறிது நேரம் முன்னதாகத் திறந்திருந்தால் என்னும் எண்ணம் இன்றும் எம்மை உறங்கவிடாத இரவுகள் உண்டு.

குற்றம் மகளுடையதன்று. அவள் குறி தவறவே இல்லை. இலக்கைப் பார்த்த யாம் இலக்கின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. பயிற்சியை அன்றே நிறுத்திவிட முனைந்தோம். உம்மாதான் தடுத்தார்கள். "பிள்ளை பழகட்டும். நீ இடம் பார்த்துச் செய்" என்றார்கள்.

அதன்பின் இடத்தை முறையாகத் தேடினோம். மாடியில் 7 மீட்டர் நீளமுள்ள அறை ஒன்று பொருட்கள் அடைத்துக் கிடந்தது. அதன் கோடிச் சுவரில் கதவும் இல்லை, சன்னலும் இல்லை. அறைக்கு ஒரே வாயில். அதுவும் எய்பவருக்குப் பின்னால் அமைந்திருந்தது. யாரேனும் தவறி உள்ளே வந்தாலும் அம்பின் வழியில் வர இயலாது. இவ்வொன்றுக்காகவே அவ்வறையைத் தேர்ந்தோம். ஆயினும் உட்தாழ் இட்ட பிறகே அம்பு தொடுக்க வேண்டும் என விதித்தோம்.

மெத்தைக்கு மாற்றாக, கடைகளில் எஞ்சும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒரே அளவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மேலும் கீழும் மரப்பலகை வைத்து, நீண்ட திருகாணிகளால் இறுக்கினோம். அட்டைகளின் விளிம்பு எய்பவரை நோக்கியிருத்தல் வேண்டும். அம்பு இரு அட்டைகளுக்கிடையே புகுந்து, உராய்வினால் வேகம் தணிந்து நிற்கும். அடுக்கு தளர்ந்தால் திருகாணியை மீண்டும் முடுக்கலாம். அதன் பின்னே அறையின் அகலம் முழுவதும் கனத்த இரப்பர் விரிப்பையும் பழைய கம்பளத்தையும் தொங்கவிட்டோம். அவற்றை இழுத்துக் கட்டலாகாது. தளர்ந்து தொங்கும் திரையே அசைந்து கொடுத்து அம்பின் விசையை வாங்கிக்கொள்ளும். வெறுஞ்சுவரில் பட்ட அம்போ முறியும். அன்றேல் எய்தவர்மீதே திரும்பும்.

மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றினோம். வில்லின் மேல்நுனி அதில் மோதக்கூடும். இலக்கிலிருந்து 5 மீட்டரில் தரையிலே வெள்ளைக் கோடு ஒன்று வரைந்தோம். எய்து முடித்து, வில்லைச் சுவர் ஆணியில் மாட்டிய பின்னரே அக்கோட்டைக் கடக்கலாம். வில்லை மேல்நோக்கி உயர்த்தி இழுக்கலாகாது. கை வழுவினால் அம்பு திரைக்கும் மேலே பாயும். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்துவிடலாகாது. அம்பு கொண்டு செல்ல வேண்டிய விசை வில்லையே முறித்துவிடும். ஒவ்வோர் அம்பையும் மெல்ல வளைத்து, விரிசல் உண்டா எனப் பார்த்த பிறகே தொடுக்க வேண்டும். அம்பைப் பிடுங்கும்போது எவரும் அதன் நேர்பின்னே நிற்றல் கூடாது. பின்நுனி கண்ணைக் குத்திவிடும்.

ஐந்து மீட்டரில் எய்து என்ன பயன் என நண்பர் ஒருவர் வினவினார். உள்ளரங்கப் போட்டியில் தொலைவு 18 மீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர். அவை வீட்டில் அடங்கா. ஆனால் நிற்கும் நிலை, தோளின் ஒழுங்கு, நாணை விடுக்கும் விரல்களின் மென்மை ஆகியவற்றைப் பழகத் தொலைவு வேண்டுவதில்லை. இலக்குத் தாளையே அகற்றிவிட்டு, எங்கே பட்டது என்ற கவலையின்றி அவள் நாள்தோறும் எய்தாள்.

அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், பிறர்மேல் பட்டுவிடாதவாறு அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. முன்பு பலமுறை கேட்டிருக்கின்றோம். அதன் பொருளை எமக்குக் கற்பித்தது அந்தக் கதவிலிருந்த துளை. கதவை மாற்றிவிடலாம் என்று வீட்டார் கூறியும் யாம் இசையவில்லை. அது அங்கேயே இருக்கின்றது.

மைதானம் மீண்டும் திறந்தபோது எம் மகளின் மதிப்பெண் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் அம்பு தொடுக்குமுன் ஒரு கணம் இலக்கின் பின்புறத்தைப் பார்க்கும் வழக்கம் அவளிடம் நிலைத்துவிட்டது. மாணவச் செல்வங்களே, கற்ற கலை எதுவாயினும், அதனைக் கையில் எடுக்குமுன் அந்த ஒரு கணத்தை மறவாதீர். குறி பிழைப்பது ஒரு புள்ளியின் இழப்பு. குறிக்குப் பின்னால் யார் இருக்கின்றார் என்பதை மறப்பது ஈடு செய்ய இயலாத இழப்பு.