வடக்குக் கரையோரம் – 6: இரணைதீவில் ஒரு பகல்

சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது இன்னும் நன்றாக விடியவில்லை. 2011இல் இந்தப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாட்களில் இங்கே பாதை என்னும் மிதவையில் ஏறித்தான் அக்கரை சேர்வார்கள். பூநகரி, முழங்காவில் தாண்டி இரணைமாதாநகர் கரைக்கு வந்தபோது வள்ளம் தயாராக நின்றது.

"அக்காவை நடுவில இருக்கச் சொல்லுங்கோ அண்ணை, சோளகம் அடிக்குது" என்றார் ஓட்டி. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரணை என்றால் இரட்டை. பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு. பெரியதீவில் காலை வைத்ததும், வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்தார். "வாங்கோ பிள்ளையள், வெயிலுக்க நிக்காதேங்கோ." வீட்டுக்கல்ல, முதலில் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போனார். அள்ளித் தந்தார். உப்புக் கரிக்கவில்லை.

"இந்தத் தண்ணிக்குத்தான் ஏங்கினனாங்கள்."

1992இல் போரால் இங்குள்ளவர்கள் தீவை விட்டார்கள். போர் முடிந்த பின்னும் திரும்ப விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி இரணைமாதாநகரில் போராட்டத்துக்கு அமர்ந்தவர்கள், ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்து, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய வள்ளங்களில் தாங்களாகவே வந்து இறங்கினார்கள். ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. முதல் இரவுகளில் மாதா கோயிலில் படுத்தார்களாம்.

அம்மாவின் பழைய வீட்டுக்குக் கூரை இல்லை. சுவருக்குள் பூவரசு வளர்ந்து நிற்கிறது. "இது குசினி, இது மூத்தவள் பிறந்த அறை" என்று வாசல் வாசலாகக் காட்டினார். பக்கத்துத் தகரக் கொட்டிலில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்து, நண்டுக்கறியோடு சோறும் போட்டார். பேசப்பேச மனைவியும் அவரோடு நண்டு கழற்றத் தொடங்கிவிட்டாள்.

பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அக்கரையில். சனி, ஞாயிறில்தான் வருவார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கரையிலும் உலை.

புறப்படும்போது துணியில் கட்டிய சட்டி ஒன்றை நீட்டினார். "கரையில பெடியன் நிப்பான், குடுத்துவிடுங்கோ."

வழி நெடுக மனைவி அதை மடியில் வைத்திருந்தாள். இறங்குதுறையில் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற சிறுவன் சட்டியை வாங்கினான். எங்களுக்குப் பின்னால் வள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

"அம்மம்மா வரேல்லையோ?"

(தொடரும்)