டூட்டில் ஆற்றங்கரை

செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலை நிற்பது ஸ்கமேனியா கவுண்டியில். நாங்கள் குடியிருந்தது அதற்கு மேற்கே, கவுலிட்ஸ் கவுண்டியின் கெல்சோவில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழையும் ஃபர் மரங்களும் மலிந்த மூலை அது. மலை ஸ்கமேனியாக்காரர்களுக்கு, மலையின் மண் எங்களுக்கு. அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது சிகரம் அல்ல, ஆறுகள்தான்.

1980 மே 18 காலை 8.32-க்கு மலையின் வடக்குப் பக்கம் அப்படியே பெயர்ந்து சரிந்தது. 57 பேர் மாண்டார்கள். 2,950 மீட்டர் உயரச் சிகரம் 2,549 மீட்டர் ஆனது. சரிந்ததில் பெரும்பகுதி இறங்கியது டூட்டில் ஆற்றின் வடகிளைப் பள்ளத்தாக்கில். அங்கிருந்து சேறு கவுலிட்ஸ் ஆற்றுக்கும், அதன் வழியாகக் கொலம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. 40 அடி ஆழமிருந்த கொலம்பியாவின் கப்பல் வழி 14 அடியாகத் தூர்ந்து, மேலே இருந்த கப்பல்கள் வெளியே வர முடியாமல் நின்றன. அப்போது தூர்வாரிக் கரையில் கொட்டிய மண்மேடுகள் புல் முளைத்து, காசில் ராக் பக்கம் சாதாரணக் குன்றுகளாகவே நின்றன. விவரம் தெரியாதவர் அவற்றைக் கடந்துபோய்விடுவார்.

மழை ஓய்ந்த நாட்களில் டூட்டில் கரைக்குப் போவோம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். கை நிறைய அள்ளி வடியவிட்டால் உள்ளங்கையில் மெல்லிய வண்டல் தங்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். கரையோரம் வெளிறிய நுரைக்கற்கள் கிடக்கும். அவற்றைத் தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கு அலுக்காத விளையாட்டு அது. எனக்கும்தான்.

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சேறு புதிதல்ல. நெடுஞ்சாலை 504-ல் மலையை நோக்கிப் போனால் முதலில் வரும் சில்வர் ஏரியே, சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் இதே மலையிலிருந்து வந்த சேறு ஓர் ஓடையை அடைத்ததால் உண்டானது. இன்னும் மேலே போனால் கோல்ட்வாட்டர் ஏரி. அது 1980-இன் சரிவு பிறப்பித்தது. இவ்வளவு இளைய ஏரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தெளிந்த நீர், கரையில் ஆல்டர் மரங்கள். வெறும் சாம்பல் மண்ணிலும் வளரும் மரம் அது, வேரிலேயே நைட்ரஜனைச் சேர்த்துக்கொள்வதால்.

குளிர்காலத்தில் கவுலிட்ஸ் ஆற்றில் ஸ்மெல்ட் மீன் ஏறி வரும். நெத்திலியைவிடச் சற்றுப் பெரிய, எண்ணெய்ப் பசை மிகுந்த மீன். உலர்த்தித் திரி வைத்தால் மெழுகுவத்திபோல் எரியும் என்பார்கள். நீண்ட கம்பு மாட்டிய வலையுடன் ஊரே கரையில் திரண்டுவிடும். நாங்கள் மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி மொறுமொறுவென்று வறுத்தெடுப்போம். வரத்துக் குறைந்து, 2010-ல் அது பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப்பின் அரசு அனுமதிக்கும் ஓரிரு நாட்களில் மட்டுமே வலை வீசலாம் என்றானது. அந்தக் கூட்டம் மெலிந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மலையிலிருந்து இன்னமும் வரும் வண்டலைப் பிடித்து நிறுத்த, 1989-ல் வடகிளையில் ஓர் அணை கட்டினார்கள். அது சில ஆண்டுகளிலேயே நிரம்பியதால், பிறகு வழிந்தோடியை உயர்த்த வேண்டியிருந்தது. அணையைத் தாண்ட முடியாத ஸ்டீல்ஹெட், கோஹோ சால்மன் மீன்களைக் கீழே பிடித்து, லாரியில் ஏற்றி, மேலே உள்ள ஓடைகளில் விடுகிறார்கள். அணை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றுப்படுகை மேடிட்டால் வெள்ளம் புகுவது கெல்சோ, லாங்வியூ வீடுகளில்தான். ஆனாலும் மீன்கள் தாமாக ஏறிப்போக அங்கே ஒரு வழி செய்துகொடுத்தாக வேண்டும் என்று அப்போதே அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.