காலை ஐந்தரை மணி மாத்திரை

ஒன்றரை வருடமாக ஆளையே காணோமே என்று பல நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். பேரனைப் பார்க்கப் போயிருந்தேன், முட்டி வலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்தேன். உண்மை அதுவல்ல. மயிலாப்பூரில் என் வீட்டில்தான் இருந்தேன். 2023 மே முதல் 2024 நவம்பர் வரை தினமும் காலை ஐந்தரை மணிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். நுரையீரலில் கிருமி. வெளியே சொல்லக் கூச்சம். எழுபது வயதைத் தாண்டியவனுக்கு என்ன கூச்சம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். யாருக்காவது பயன்படலாம்.

2022 மழைக்காலத்தில் பிடித்த இருமல் பொங்கல் வரை விடவில்லை. கற்பூரவல்லி, சுக்குக் கஷாயம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிரப் எல்லாம் ஆயிற்று. 61 கிலோ இருந்தவன் 53 ஆனேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் காலை சளியில் கீற்றாக ரத்தம் தெரிந்தது. அன்றைக்கே தி.நகரில் இருக்கும் ஒரு நெஞ்சு நோய் டாக்டரிடம் போனோம்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், சளி டெஸ்ட். சளியில் டிபி கிருமி போலவே சாயம் ஏறுகிற கிருமி இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் ஜீன் டெஸ்டில் டிபி இல்லை என்று வந்தது. பிறகு சளியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் டெஸ்ட், அதுவும் இரண்டு தடவை. வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு கிருமியின் பெயர் தெரிந்தது: மைக்கோபாக்டீரியம் ஏவியம் காம்ப்ளெக்ஸ். சுருக்கமாக மேக்.

"டிபி கிருமிக்கு இது பங்காளி முறை சார்" என்றார் டாக்டர். "தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கிறதுதான். ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் பொதுவா ஒட்டாது. பயப்பட வேண்டாம். ஆனா சீக்கிரம் போகாது."

எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை உட்கார வைத்தது. மாத்திரை ஆரம்பிக்கும் நாளிலிருந்து கணக்கு கிடையாதாம். மாதாமாதம் சளி கல்சர் பார்ப்பார்கள். எந்த மாதம் கிருமி இல்லை என்று வருகிறதோ, அதிலிருந்து பன்னிரண்டு மாதம். நடுவில் மறுபடி கிருமி தலைகாட்டினால் பழைய தேதி ரத்து. எழிலகத்தில் 36 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஆணை பிறப்பித்த நாள் வேறு, அமலுக்கு வரும் நாள் வேறு என்பது எனக்குப் புதிதல்ல. என் உடம்புக்கும் அப்படி ஒரு ஆணை வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

மருந்து மூன்று: அசித்ரோமைசின், எத்தாம்புடால், ரிஃபாம்பிசின். ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் போட வேண்டும், ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. அதாவது காபி கூடாது. காலையில் கண் விழித்ததும் பில்டர் காபி குடித்தே பழகிய மயிலாப்பூர்வாசிக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. அந்த ஒரு மணி நேரம் பேப்பரை முன்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், டெண்டர் விளம்பரம் உள்பட.

முதல் நாளே சிறுநீர் செங்காவி நிறத்தில் போயிற்று. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வியர்வையும் கண்ணீரும்கூடக் கொஞ்சம் அந்த நிறம்தான். பனியன் எல்லாம் பாழ்.

இந்த ரிஃபாம்பிசினைப் பற்றி ஒரு விஷயம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா வேலையில் அந்த பிரெஞ்சு ஒரு நாளும் உதவவில்லை. மாத்திரை அட்டையில்தான் உதவியது. 1957-ல் இத்தாலியில் மிலான் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்று, தெற்கு பிரான்ஸ் கடற்கரையோரப் பைன் மரக்காட்டு மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்து இந்த மருந்தின் மூலத்தை எடுத்தது. அந்தச் சமயம் பிரபலமாக இருந்த பிரெஞ்சுத் திருட்டுப் படம் 'ரிஃபிஃபி'. அதன் பெயரையே விளையாட்டாக அந்தப் பொருளுக்கு வைத்துவிட்டார்கள். ரிஃபிஃபி என்றால் கொச்சை பிரெஞ்சில் அடிதடி, ரகளை. மாத்திரை போட்ட அரை மணியில் என் வயிற்றில் நடந்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

இந்த மருந்து மற்ற மருந்துகளோடும் ரகளை செய்யும். என் பி.பி. மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிட்டது. டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருப்பது, இவற்றுக்கெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதையும் விடாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எத்தாம்புடால் கண்ணைப் பாதிக்கலாம், முக்கியமாக சிவப்பும் பச்சையும் மங்கலாம் என்றார்கள். அவ்வப்போது கண் ஆஸ்பத்திரியில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் டெஸ்ட். வீட்டில் எனக்கு நானே ஒரு டெஸ்ட் வைத்துக்கொண்டேன். தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம் பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதைத் தினமும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் படிப்பது. ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு தேதி போன வாரம் போலவே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது.

ஷவர் குளியலையும் நிறுத்தச் சொன்னார். ஷவர் குழாயில் இந்தக் கிருமி குடியிருக்கும், பொடித் துளியோடு மூச்சில் போகும். வாளியும் சொம்பும் போதும். பால்கனித் தொட்டிச் செடிக்கு மண் கிளறினால் மாஸ்க் போட வேண்டும்.

குமாஸ்தா புத்தி போகுமா? ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு தேதி, மணி, மூன்று மாத்திரைக்கு மூன்று டிக், எடை, காய்ச்சல் எல்லாம் எழுதிவந்தேன்.

உடம்பைவிட மனசுக்குத்தான் சிரமம். நாகேஸ்வரராவ் பூங்காவில் தினமும் சேர்ந்து நடக்கும் கோஷ்டியில் யாரோ "டிபியாமே" என்று சொல்லியிருக்கிறார்கள். பெஞ்சில் எனக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விழுந்தது. டிபி இல்லை, ஒட்டாது என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். இடம் மட்டும் குறையவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. 1974-ல் எங்கள் செக்‌ஷனில் ஒருவர் தாம்பரம் சானடோரியத்தில் சில மாதம் இருந்து குணமாகித் திரும்பி வந்தார். அவருக்குக் காபி டம்ளரைத் தனியாக வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். இத்தனை வருடத்தில் அதை நான் நினைத்ததே இல்லை. பெஞ்சில் இடம் விழுந்த அன்றுதான் நினைவு வந்தது.

2023 நவம்பரில் முதல் நல்ல செய்தி: கல்சரில் கிருமி இல்லை. இனி பன்னிரண்டு மாதம். டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. மாத்திரைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோ மேல் ஏற்றி, டார்ச் வெளிச்சத்தில் ஐந்தரைக்குத் தவறாமல் விழுங்கினேன்.

புயலில் தவறாதவன் மார்கழியில் தவறினேன்.

சில வாரங்களாகக் காதில் ஒரு ரீங்காரம். அசித்ரோமைசின் காதைத் தொடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. சபாவில் உட்கார்ந்தால் தம்பூராவுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருதி கேட்கிறது. குமட்டலால் கேன்டீன் பக்கம் போக முடியவில்லை. இருமல் நின்றுவிட்டது, எடை 56 ஏறிவிட்டது, ரிப்போர்ட் சுத்தம். கொஞ்ச நாள் விட்டால் என்ன என்று தோன்றியது. மார்கழியில் ஐந்தரை மணிக்கு என் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லஸ் பக்கம் நடக்கும்போது குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் மூன்று டிக். இப்படி ஒன்பது நாள். காது கொஞ்சம் தேவலை போல இருந்தது. கேன்டீன் தோசையும் ருசித்தது.

பத்தாவது நாள் பையிலிருந்ததைப் போட மறந்துவிட்டேன். வெள்ளைச் சட்டை வாஷிங் மெஷினுக்குப் போயிற்று. சிவப்பு கேப்சூல் கரைந்து, சட்டை, வேஷ்டி, அவளுடைய புடவை எல்லாம் செங்காவி.

"சட்டைப் பையில என்னங்க இருந்துச்சு?"

சொன்னேன். நோட்டையும் காட்டினேன். 36 வருட சர்வீஸில் ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"எட்டு மாசமா நானும் ஆறரை மணி வரைக்கும் காபி குடிக்கலைங்க" என்றாள். "வாசனை உங்களைச் சோதிக்கும்னு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எட்டு மாதம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அதை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "காதுல சத்தம் வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார். மாத்தறதும் நிறுத்தறதும் என் வேலை. உங்க வேலை சொல்றது" என்றார். காது டெஸ்ட் எடுத்து, அசித்ரோமைசின் அளவைக் குறைத்தார். மூன்றில் சிலதை மட்டும் விட்டுவிட்டு அசித்ரோமைசினை மட்டும் விழுங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து, கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும் என்றும் எச்சரித்தார். பிறகு, "நீங்க முதல் ஆள் இல்லை. இந்த விஷயத்துக்கு நம்ம ஊர்தான் உலகத்துக்கே பாடம்" என்று சேத்துப்பட்டுக் கதையைச் சொன்னார். அப்புறம் நானும் தேடிப் படித்தேன்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை ஆரம்பித்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். அன்றைக்கு டிபி என்றால் சானடோரியம், நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. அத்தனை படுக்கைக்கு நாடு எங்கே போகும்? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறுபாதிக்கு வீட்டிலேயே ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியத்தின் காலம் முடிய அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் என் மனசில் தைத்தது வேறு. நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியிருக்கிறார்கள். சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் நோட்டில் டிக் போடுவார்கள் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பு தேறியதும் மருந்தை விடுவது கெட்ட புத்தி மட்டுமல்ல, மனித சுபாவம் என்றும் புரிந்திருக்கிறது. அதனால்தான் 1960-களில் அங்கே வாரம் இரண்டு நாள் நோயாளியை நேரில் வரவழைத்து, ஊழியரின் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தார்கள்.

அந்த மாதச் சளி கல்சருக்குக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். கிருமி வந்திருந்தால் நவம்பர் தேதி ரத்து. நோட்டில் அந்த ஒன்பது நாள் டிக்கையும் சிவப்பு மையால் அடித்து, 'சாப்பிடவில்லை' என்று எழுதிச் சுருக்கெழுத்து போட்டேன். ரிப்போர்ட் வந்த அன்று அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள்தான் பிரித்தாள். கிருமி இல்லை.

அன்று முதல் அவள் மாத்திரைக்குப் பிறகுதான் கோலம் போட்டாள். எதிரே நாற்காலியைப் போட்டு, நான் தண்ணீர் குடித்து முடித்து வாயைத் திறந்து காட்டும் வரை உட்கார்ந்திருப்பாள். அவமானமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாரம் பாதியாகக் குறைந்தது. பதினெட்டு மாதம் தினமும் தனியாக மனவுறுதியை வரவழைத்துக்கொள்ள யாராலும் முடியாது. எதிரே ஒரு ஆள் இருந்தால் முடிகிறது. உங்கள் வீட்டில் நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், "போட்டாச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து கேட்காதீர்கள். வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

2024 நவம்பரில் கடைசி மாத்திரை. எடை 59. காதில் ரீங்காரம் எப்போதாவது உண்டு. பூங்கா பெஞ்சில் இடைவெளியும் மெல்லக் குறைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து நானே டிகாக்‌ஷன் இறக்கி இரண்டு டம்ளர் காபி கலந்தேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"இப்பவேயா? எனக்கு ஆறரைக்குத்தான் பழகிடுச்சு" என்றாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு டம்ளரையும் மூடி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.