புகையில் வாட்டிய தக்காளி, கோழி, பாஸ்தா

புகையில் வாட்டும்போது தக்காளியின் நீர் வற்றும். புளிப்பும் இனிப்பும் செறியும்.
மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து குவையகால் போன்ற சேர்மங்கள் உண்டாகி, சதையில் படியும். மூக்குக்குப் பிடிபடும் புகைவாசம் பெரும்பாலும் இவற்றால்தான்.

சதைப்பற்றுள்ள நீளத் தக்காளி ஏற்றது.
பாதியாக வெட்டி, உப்பும் ஆலிவ் எண்ணெயும் தடவணும்.
மூடியுள்ள கரி அடுப்பில் கனல் ஒரு பக்கம், தக்காளி மறுபக்கம். கனல்மேல் ஆப்பிள் அல்லது ஹிக்கரி மரத்துண்டு. முக்கால் மணி நேரத்தில் தோல் சுருங்கிவிடும்.
பைன் போன்ற பிசின் மரம் ஆகாது, கசக்கும்.
புகை மெல்லிசாக வரணும். குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பினால் சாஸிலும் கசப்பு ஏறும்; பக்கத்து வீட்டார் எட்டிப்பார்ப்பது தனி.
எல்லாமே திறந்த வெளியில்தான். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் ஆளையே கொல்லும்.

கோழியில் தொடைக்கறி மேல். நெஞ்சுக்கறி சட்டென்று வறண்டுவிடும். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொடணும்.

இத்தாலியில் பாஸ்தாவோடு கோழி சேர்ப்பது அபூர்வம். அமெரிக்க இத்தாலியச் சமையலில் சகஜம்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு.
பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே எடுத்துவிடலாம், மீதி வேக்காடு சாஸில்.
வடித்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அதிலுள்ள ஸ்டார்ச்தான் எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் பிடித்துவைக்கும்.

பூண்டை எண்ணெயில் வதக்கி, தோலுரித்த தக்காளியை மசித்துவிட்டு, வெந்த கோழி, பாஸ்தா, கொஞ்சம் வடிநீர் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறினால் முடிந்தது.
பர்மேசான் சீஸ் கடைசியில், அடுப்பை அணைத்தபின்.