அந்தப் பையன்கிட்ட கேட்டாகளா?

போன நவம்பர் 15-ஆம் தேதி சனிக்கிழமை காலையில உங்க போன் எத்தனை தடவை அதிர்ந்துச்சு? எனக்கு வாட்ஸ்அப்பைத் திறக்கவே பயமா இருந்துச்சு. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஒரு வாரமா வதந்தியாச் சுத்திக்கிட்டு இருந்தது அன்னிக்கு அதிகாரபூர்வமா வந்துருச்சு. சாம்சன் அதே 18 கோடியில வந்தார். ஜடேஜாவோட 18 கோடி 14 கோடியாச்சு. கரன் 2.4 கோடி.

எங்க ஹாஸ்டல்ல அந்த வார இறுதியில யாரும் அசைன்மென்ட் எழுதல. உங்க ஹாஸ்டல்லயும் எழுதியிருக்க மாட்டீங்க.

இந்தச் சண்டை நவம்பர்ல தொடங்கினது இல்லை. 2025 சீசன்ல சிஎஸ்கே பதினாலு மேட்ச்ல நாலே நாலு ஜெயிச்சு, வரலாற்றிலேயே முதல் தடவையா கடைசி இடத்துல முடிச்ச அன்னிக்கே தொடங்கிருச்சு. பேட்டிங் மோசம்னு ஒரு குரூப், பௌலிங் மோசம்னு ஒரு குரூப். நான் பௌலிங் குரூப். நூர் அகமது ஒருத்தர் 24 விக்கெட் எடுத்தார், அது தனி. ஆனா கடைசி ஓவர்களுக்குன்னு 13 கோடி கொடுத்து ரீட்டெய்ன் பண்ணின பதிரனா ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல கொடுத்தார். அஸ்வின் 9.75 கோடிக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தார்னு கொண்டாடினோம். ஆகஸ்ட்ல ஐபிஎல்லை விட்டே போயிட்டார். அப்ப பௌலிங்கைச் சரி பண்ண யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம்? மெஸ்ல தோசை வர்றதுக்குள்ள எங்க பசங்க முப்பது ட்ரேட் முடிச்சிருப்பாங்க. "துபேவைக் கொடுத்துட்டு பும்ராவை வாங்கலாம் மச்சி"ன்னு சீரியஸாச் சொன்னான் ஒருத்தன். மும்பைக்காரன் என்ன, பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்குறவனா?

சரி, நடந்த ட்ரேடையே எடுத்துக்குங்க. பௌலிங் தேவைன்னு கத்தின டீம், பந்து போடத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கொடுத்துட்டு பந்தே போடாத ஒருத்தரை வாங்கியிருக்கு. தோனிக்குப் பிறகு கீப்பர் யாருன்னு கேட்டா சாம்சன் நல்ல பதில்தான், அதை நான் மறுக்கல. ஆனா நாம கேட்ட கேள்வி அது இல்லையே. ஐபிஎல்ல சிஎஸ்கேவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் ஜடேஜா. பிராவோவையே தாண்டினவர். அவரை அனுப்பின கையோட பதிரனாவையும் விட்டாங்க. டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துல கொல்கத்தா அவரை 18 கோடிக்குத் தூக்கிட்டுப் போச்சு. நமக்கு அகீல் ஹொசைன், மேட் ஹென்றி, ராகுல் சஹர் வந்தாங்க. ஜடேஜா இடத்துக்கு, இடது கை சுழல் போடுற பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு எடுத்தாங்க. சர்வதேச மேட்ச் ஒண்ணுகூட ஆடாத பையன். நல்லா வரட்டும். ஆனா சேப்பாக்கத்துல ஏழாவது ஓவர்ல அவன் கையில பந்தைக் கொடுக்கும்போது நாற்பதாயிரம் பேர் மனசுல ஓடப்போறது இன்னொருத்தர் பேர். அந்தப் பாரம் பதினாலு கோடியில சேர்த்தியா?

பௌலரைத் தூக்கிக் கொடுக்குறது எப்படித் திரும்பி வரும்னு டெல்லிக்காரங்களைக் கேளுங்க. 2019 நவம்பர்ல டிரென்ட் போல்ட்டை மும்பைக்கு ட்ரேட் பண்ணினாங்க. அடுத்த சீசன்ல மும்பைக்கு அவர் 25 விக்கெட். 2020 நவம்பர் 10, துபாய்ல ஃபைனல், எதிரணி அதே டெல்லி. மேட்ச்சோட முதல் பந்தை போல்ட் போடுறார், ஸ்டாய்னிஸ் அவுட். ஆட்ட நாயகனும் அவர்தான், கப்பும் மும்பைக்குத்தான். கொடுக்கும்போது டெல்லி போட்ட கணக்கு பேப்பர்ல சரியாத்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் பொங்கல் லீவுல எங்க அப்பத்தாகிட்ட விளக்கிக்கிட்டு இருந்தேன். (நான் இங்கிலீஷ் மீடியம். 'ட்ரேட்'ங்கிறதுக்கு வாயில சட்டுன்னு தமிழ் வரல. "மாத்திக்கிறது அப்பத்தா, இவனைக் கொடுத்து அவனை வாங்கிக்கிறது"ன்னேன்.) அப்பத்தா முறுக்கு சுத்திக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டாக: "அந்தப் பையன்கிட்ட கேட்டாகளா?"

எங்க முப்பது ட்ரேட்ல ஒண்ணுலகூட இந்தக் கேள்வி வரல. யோசிச்சுப் பாருங்க, உங்க குரூப்ல வந்துச்சா? நாம எல்லாரும் ஓனர் மாதிரியே பேசுறோம். பர்ஸ்ல எவ்வளவு மிச்சம், எந்த ஸ்லாட் காலி, இவனை விட்டா எவ்வளவு விடுபடும்னு. மாசக் கடைசியில ஹாஸ்டல் வாசல் டீக்கடையில கடன் சொல்ற நாம.

உண்மையில ஐபிஎல் ட்ரேடுக்கு வீரரோட சம்மதம் வேணும். ரெண்டு டீமும் பேசி முடிச்சாலும் அவர் கையெழுத்து இல்லாம நடக்காது. ஆனா அந்த உரிமைக்கு ஒரு எல்லை இருக்கு. சரி, இல்லைன்னு சொல்லலாம். தானாப் போய்ப் பேரம் பேசக்கூடாது. அந்த எல்லை எங்க இருக்குன்னு அனுபவத்துல தெரிஞ்சவர், வேற யாரு, ஜடேஜாதான். 2008-இல் ஷேன் வார்னோட ராஜஸ்தான் கப்பு ஜெயிச்சப்ப அவருக்கு 19 வயசு. 2010-இல், ராஜஸ்தான்ல ஒப்பந்தம் இருக்கும்போதே வேற டீமோட பேசினார்னு அந்த சீசன் முழுக்கத் தடை பண்ணிட்டாங்க. டீம் பேசினா வியாபாரம், ஆள் பேசினா குற்றம். அதுக்கப்புறம் கொச்சி, 2012-இல் சென்னை, நடுவுல சிஎஸ்கே தடையில இருந்த ரெண்டு வருஷம் குஜராத். சென்னையில மொத்தம் பன்னிரண்டு சீசன். 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும்னப்ப மோகித் சர்மாவை ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். இப்ப 37 வயசுல, அதே ராஜஸ்தான், அதே ட்ரேட். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி.

அமெரிக்க பேஸ்பால்ல நிலைமை இன்னும் மோசம். அங்க பௌலருக்குப் பிட்சர்னு பேர். நம்ம ஆளுங்களைப் போலவே அந்த ஊர் ரசிகர்களும் ஜூலை மாசம் பூரா "எந்தப் பிட்சரை வாங்கலாம்"னு தூங்காம சண்டை போடுவாங்க. பெரும்பாலான வீரர்களை அங்க கேட்காமலேயே மாத்திக் கொடுத்துடலாம். மதியம் ஒரு போன் வரும், ராத்திரி வேற ஊருக்கு ஃப்ளைட். மறுக்கணும்னா ஒப்பந்தத்துலயே அப்படி ஒரு ஷரத்து வாங்கியிருக்கணும், இல்லாட்டி பத்து வருஷம் அந்த லீக்ல ஆடி, அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்ல இருந்திருக்கணும். ஜஸ்டின் வெர்லாண்டர்னு ஒரு பிட்சர், 2005-லேர்ந்து டெட்ராய்ட்லயே இருந்தவர். 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடு முடியப் போற நேரத்துல ஹூஸ்டனுக்குச் சரின்னார். அவருக்கு அந்தப் பத்து வருஷ உரிமை இருந்ததால கேட்டாங்க. அந்த வருஷம் ஹூஸ்டன் சாம்பியன்.

இப்ப எங்க ரூமுக்கு வர்றேன். என் ரூம்மேட் தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம். டென்னிஸ் பால்ல அவன் போடுற யார்க்கரைக் கட்டையில வாங்கி நின்னவனை நான் பார்த்ததில்ல. பொங்கல், சித்திரை மாசங்கள்ல ஊர் ஊரா நடக்குற டோர்னமென்ட் உங்களுக்குத் தெரியும். ஃபிளெக்ஸ் பேனர்ல முதல் பரிசு, ரெண்டாம் பரிசு, கொடுக்குறவர் போட்டோ, அவருக்கு மேல இன்னும் பெரியவர் போட்டோ. அந்த டீமுங்க கெஸ்ட் பிளேயர் வாங்குவாங்க. நம்மாளு அதுல எப்பவும் டிமாண்ட். பைக்ல வந்து கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, காசு கொடுத்து, திருப்பிக் கொண்டு வந்து விடுவாங்க. ரெண்டு செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் அவன் அப்படித்தான் கட்டினான். பேட்ஸ்மேனை யாரும் இவ்வளவு தேட மாட்டாங்க. அடிக்கத் தெரிஞ்சவன் எல்லா ஊர்லயும் நாலு பேர் இருப்பான். கடைசி ஓவர் போடத் தெரிஞ்சவன் கிடைக்கணுமே.

ஒரு தடவை செமிஃபைனல்ல அவனைக் காசு கொடுத்து வாங்கின டீமுக்கு எதிரா அவன் சொந்த ஊர் டீமே வந்துருச்சு. "என்னடா பண்ணின?"ன்னு கேட்டேன். "போட்டேன். காசு வாங்கியாச்சுல்ல. மூணு விக்கெட். அதுல ஒண்ணு எங்க சித்தப்பா பையன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஜெயிச்சதுக்கு அப்புறம் எங்கிட்டு நிக்கிறதுன்னு தெரியலடா"ன்னான். இந்தப் பக்கம் போட்டோவுக்குக் கூப்பிடுறாங்க, அந்தப் பக்கம் ஊர்க்காரங்க வேன்ல ஏறுறாங்க. வேன் அவனுக்காக நிக்கல. போட்டோவுலயும் அவன் இல்லை.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. ஒரு காலத்துல செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்கு ஏஜென்ட்டா பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினவங்களுக்கு மூணு வருஷக் கணக்கு. ஐபிஎல் மெகா ஏலத்துக்கும் கிட்டத்தட்ட அதே மூணு வருஷம்தான். முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல பாருங்க, ஒரு வீட்டோட தேக்குத் தூண் தனியா, கதவு தனியா, எனாமல் தூக்கு தனியா விலை பேசிக்கிட்டு இருக்காங்க. தூணைக் கேட்டு விக்க முடியாது. ஆளைக் கேட்கலாம்.

எனக்கு இது வெறும் கிரிக்கெட்டா இல்லாமப் போனதுக்கு ஒரு காரணம் உண்டு. ஃபைனல் இயர். ப்ளேஸ்மென்ட்ல ஒரு கம்பெனியில ஆஃபர் வந்தப்ப, விருப்பமான ஊர் மூணு எழுதுங்கன்னு ஒரு ஃபார்ம் வந்துச்சு. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு எழுதினேன். ஆஃபர் லெட்டர்ல நாலாவது ஊர். கீழ ஒரு வரி: தேவைக்கேற்ப எந்த ஊருக்கும், எந்த டீமுக்கும் மாத்தலாம். அந்த வரியை அப்பா ரெண்டு தடவை படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம மடிச்சு வெச்சார். நான் கையெழுத்துப் போட்டுட்டேன், போவேன், அதுல வருத்தம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் "ஜடேஜாவைத் தள்ளி விட்டதுல நாலு கோடி..."ன்னு எவனாவது தொடங்கினா எனக்குச் சோறு இறங்கல. ஹாஸ்டல்ல எங்களையே இப்ப அப்படித்தானே கூப்பிடுறாங்க: இவன் நாலரை, அவன் ஏழு.

அப்ப பௌலிங்கை எப்படித்தான் சரி பண்றதுன்னு கேப்பீங்க. ட்ரேடே வேண்டாம்னு நான் சொல்லல. என் ஓட்டு, கையில இருக்குறதை முதல்ல ஆட விடுங்கங்கிறதுக்கு. 2025-இல் 3.4 கோடிக்கு வந்த அன்ஷுல் கம்போஜ், 4.8 கோடி கலீல் அகமது, 10 கோடி நூர் இன்னும் இங்கதான் இருக்காங்க. வருண் சக்கரவர்த்தி சிஎஸ்கே நெட்ல பந்து போட்டவர். மஞ்சள் ஜெர்ஸியில ஒரு மேட்ச் ஆடினதில்ல. சாய் கிஷோரை 2020-இல் 20 லட்சத்துக்கு எடுத்தோம். ரெண்டு சீசன் பெஞ்ச்லயே உட்கார்ந்தார். சேப்பாக்கத்துப் பிட்சுல வளர்ந்த இடது கை ஸ்பின்னர், ஒரு மேட்ச் கிடைக்கல. குஜராத் 3 கோடி கொடுத்துக் கூட்டிட்டுப் போய் 2022 ஃபைனல்லயே ஆட வெச்சாங்க. 2025-இல் அவருக்கு 19 விக்கெட். இந்த ஆளைத் திரும்ப வாங்க நாம இப்ப யாரைக் கொடுக்கணும்னு அடுத்த விவாதம் ஓடும் பாருங்க.

சேப்பாக்கம்னதும் ஒரு இடைச்செருகல். அந்த ஸ்டேடியத்தோட பேருல இருக்குற எம்.ஏ. சிதம்பரம், நம்ம பக்கத்துக் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரோட மகன். அதனால சிஎஸ்கே நம்ம ஊர் டீம்னு எங்க பசங்க உரிமை கொண்டாடுவாங்க. ஆனா காரைக்குடிக்குன்னே பேர் போட்ட டீம் ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? டிஎன்பிஎல்ல காரைக்குடி காளை. 2016-இல் வந்துச்சு. நாங்க அப்ப ஸ்கூல். டிவியில ஊர் பேரைப் பார்த்ததே பெரிய விஷயம். மேட்ச் எல்லாம் சென்னை, திண்டுக்கல், திருநெல்வேலியில நடக்கும். காரைக்குடி மண்ணுல காளை ஒரு பந்துகூடப் போட்டதில்ல. கோவிட் வருஷம் லீக் நடக்கல. 2021-இல் திரும்பித் தொடங்கினப்ப அதே ஓனரோட அதே டீம் திருப்பூர் தமிழன்ஸ்னு இறங்குச்சு. ஆளை இல்லை, ஊரையே மாத்திட்டாங்க. அதுக்கு எந்த மெஸ்லயும் சண்டை நடக்கல, எந்தக் குரூப்லயும் ஒருத்தன்கூட ஸ்டேட்டஸ் வைக்கல.

2025 ஜூலை 6, திண்டுக்கல் நத்தம் கிரவுண்ட்ல டிஎன்பிஎல் ஃபைனல். திருப்பூர் 220 அடிச்சுட்டு, அஸ்வின் கேப்டனா இருந்த திண்டுக்கல்லை 102-க்குச் சுருட்டி, முதல் தடவையா கப்பைத் தூக்குச்சு. தூக்கின கேப்டன் சாய் கிஷோர்.