பூனைக்காலியும் மாமியின் நோட்டும்

ஸ்ரீரங்கத்தில் ஒருத்தருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் மருந்துக்குப் பஞ்சமே கிடையாது. உத்திர வீதியில் ஒரு மருந்து சொல்வார்கள், சித்திரை வீதியில் ஒன்று, அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் இன்னொன்று. எல்லாமே இலவச ஆலோசனை. விலை அப்புறம்தான் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு மாமா. பொன்மலை ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். ஏழெட்டு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுக்கத்தில் ஆரம்பித்து, நடை சுருங்கி, சட்டைப் பித்தான் போடவே கால் மணி நேரம் ஆகும். தில்லைநகரில் ஒரு நரம்பியல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் ஒரு நாள் மாமி என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ராத்திரி ரேழியில குழந்தைகள் உட்கார்ந்துண்டிருக்குங்கறார். அதுகளுக்குச் சாதம் போட்டியான்னு கேட்கறார். வெளியில சொல்லாதேப்பா, புத்தி பேதலிச்சுடுத்துன்னு பேசுவா" என்றார். உறவுக்காரர் ஒருவர் அதற்குள் தாயத்து வரைக்கும் போயிருந்தார்!

நான் படித்தது பி.காம். வைத்தியம் தெரியாது. கணக்கு தெரியும். "மாமா வாய்க்குள்ள என்னென்ன போறது, எத்தனை மணிக்குப் போறதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்கோ மாமி. மாத்திரை மட்டுமில்லை, எல்லாமே. குழந்தைகள் வர நேரத்தையும் எழுதுங்கோ" என்றேன்.

பத்து நாளில் நோட்டு நிரம்பியது. டாக்டர் கொடுத்த மாத்திரை நாலு வேளை. அது போக, மாமாவின் தம்பி வாங்கித் தந்த வைட்டமின் ஈ, மாப்பிள்ளை அனுப்பிய கோ-என்சைம் க்யூ10, ஒரு பி-காம்ப்ளெக்ஸ், காலையும் மாலையும் பாலில் பூனைக்காலிப் பொடி. டாக்டருக்குத் தெரிந்தது ஒன்று. வீட்டில் இருந்தது ஐந்து.

விஷயம் அந்தப் பொடியில் இருந்தது. பார்க்கின்சனில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. 1937-ல் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தது இதே பொருளைத்தான். அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர் அதிக அளவு டோபா கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தது 1967-ல். நம்ம ஊர் விதைக்கு முப்பது வருஷம் முன்னாலேயே பெயர் வந்தாயிற்று.

அதனால் பூனைக்காலி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்கிறது, அதுதான் சிக்கல். லண்டனில் 2004-ல் எட்டே எட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது மாத்திரையைவிடச் சீக்கிரமே கேட்டது. ஆனால் டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த லெவோடோபாவுக்கு மேல் இதையும் சேர்த்தால், ஒரே செலவை இரண்டு தடவை எழுதின கதை. கூடிப்போனால் குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், கை கால் தானாக நெளிவது, இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவது.

வைட்டமின்கள்? வைட்டமின் ஈ-யை தினம் 2000 யூனிட் வீதம், 800 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்கச் சோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வேகம் குறையவில்லை என்று 1993-ல் முடிவு வந்தது. க்யூ10-ஐ 600 பேரிடம் பார்த்து 2014-ல் அதே பதில். பி6 வேறு கதை. லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்தில், மூளைக்குப் போகுமுன்பே பி6 அதை வழியில் செலவழித்துவிடும் என்று 1969-ல் தெரிந்தது. இப்போது கார்பிடோபா சேர்த்தே கொடுப்பதால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. மாறாக, ரொம்ப வருஷம் லெவோடோபா சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12, பி6 குறைந்து பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. ரத்தத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் கொடுக்க வேண்டிய சமாசாரம்.

டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். திட்டவில்லை. "பொடியைப் படிப்படியா குறைச்சு நிறுத்துங்க. என் மாத்திரையை நீங்களா ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க" என்றார். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மத்தியான மாத்திரை மட்டும் கேட்பதில்லை. மாமா அதைப் பருப்பு சாதத்தோடு விழுங்கிக்கொண்டிருந்தார். புரதமும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போட்டதும் மத்தியானமும் நடை வந்தது. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு. அதற்கு மட்டும் மருந்து.

மூன்று வாரத்தில் குழந்தைகள் வருவது நின்றது. "அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் வந்தா தேவலை. சமர்த்து" என்றார் மாமா. மாமி சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா இதை எத்தனை மாதம் மனசுக்குள் வைத்திருந்தாரோ! பைத்தியம் என்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்காத பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கோபிக்காமல் கேளுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது. பொடி, லேகியம், டானிக், மாப்பிள்ளை அனுப்பிய டப்பா என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய், அவர் மேஜையில் கொட்டுங்கள்.